தோட்ட வீட்டுக்குப் பாவித்த கணினி: எதை வாங்கலாம், எதை விடலாம்?

பதுளையிலும் பண்டாரவளையிலும் கணினிக் கடைகளுக்குள் நுழைந்தால், கறுப்பு நிறத்தில் கனமான, ஒரே மாதிரியான பெட்டிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்.பி. புரோடெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் என்பவை அவற்றின் பெயர்கள். ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு வங்கியிலோ கம்பனியிலோ சில வருடங்கள் உழைத்துவிட்டு, கழிக்கப்பட்டு, கொள்கலனில் ஏறி இங்கு வந்து சேர்ந்தவை. மொனிட்டர், கீபோர்ட், மவுஸ் சேர்த்து 'புல் செட்' என்று விற்கப்படுகின்றன.

பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுல, ஹப்புத்தளை, கொஸ்லந்தை பக்கத் தோட்டங்களில் ஒரு குடும்பம் பிள்ளைக்குக் கணினி வாங்க நினைத்தால், பெரும்பாலும் இந்தப் பெட்டிகளில் ஒன்றைத்தான் நினைக்கிறது. மலையகம் பற்றி எழுதிவரும் எனக்கு வட்ஸ்அப்பில் அடிக்கடி வரும் கேள்வியும் இதுதான். ஒரு படத்தை அனுப்பி, இந்த விலைக்கு இது பரவாயில்லையா என்று கேட்பார்கள். இதே கேள்வி கிளிநொச்சியிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் வருகிறது. 1977இலும் 1983இலும் நடந்த வன்முறைகளால் விரட்டப்பட்டு வன்னிக்குப் போன மலையகக் குடும்பங்களுக்கு இன்றும் இரண்டு பக்கமும் உறவு இருக்கிறது. பெட்டியும் ஒன்றுதான், குழப்பமும் ஒன்றுதான்.

ஒரே வரியில் பதில் சொல்லிவிட முடியாது. ஆனால் பதிலைக் கண்டுபிடிக்க ஒரு முறை உண்டு. கொடுக்கும் காசுக்கு அந்தப் பெட்டி இன்னும் எத்தனை வருடம் வேலைக்கு உதவும் என்று பார்ப்பதுதான் அது.

போன் இருக்கும்போது கணினி எதற்கு?

கொரோனா காலத்தில் பாடசாலைகள் மூடப்பட்டபோது படிப்பு போனுக்குள் போனது. சிக்னல் தேடிப் பாறையும் மரமும் ஏறிய பிள்ளைகளின் படங்கள் வெளிநாட்டுச் செய்திகளிலும் வந்தன. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணினி எழுத்தறிவு அளவீடுகளின்படி, நாட்டின் வீடுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில்தான் மேசைக் கணினியோ மடிக்கணினியோ இருக்கிறது. நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்துப் பார்த்தால் தோட்டத்துறைதான் கடைசியில் நிற்கிறது.

போனில் பாடம் பார்க்கலாம், கடந்தகால வினாத்தாள் இறக்கலாம். ஆனால் சாதாரண தரத் தகவல் தொழினுட்பப் பாடத்தில் விரிதாள், தரவுத்தளம், பஸ்கல் நிரலாக்கம் என்று வருகின்றன. உயர்தரத்தில் பைதன் வருகிறது. உயர்தர மாணவர்களுக்குப் பொதுத் தகவல் தொழினுட்பப் பரீட்சை ஒன்றும் இருக்கிறது. இவற்றைப் போனில் பழகுவது கரையில் நின்று நீச்சல் பழகுவது போன்றது.

இந்த வேலைகள் எதற்கும் வேகமான கணினி தேவையில்லை என்பதுதான் நல்ல செய்தி. பத்து வருடப் பழைய இயந்திரத்திலும் பைதன் ஓடும், விரிதாள் திறக்கும், கடிதம் தட்டச்சு செய்யலாம். பெரிய விளையாட்டுகளும் கனமான வீடியோ எடிட்டிங்கும்தான் இந்தப் பெட்டிகளுக்கு ஒத்துவராதவை.

நாட்கூலியில் ஒரு கணக்கு

தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலி 2024இல் 1,350 ரூபாவானது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அதை 1,550 ரூபாவாக உயர்த்தி, வரவுக்கான ஊக்குவிப்பாக அரசாங்கம் 200 ரூபா சேர்த்து, மொத்தம் 1,750 ரூபா என அறிவிக்கப்பட்டது. அந்த 200 ரூபா வேலைக்குப் போகும் நாட்களைப் பொறுத்தது என்பதால் 1,550ஐ வைத்தே கணக்குப் பார்ப்போம். அதிலும் 8 சதவீதம் ஊழியர் சேமலாப நிதிக்குக் கழிந்த பிறகுதான் மிச்சம் கைக்கு வரும்.

கடை விலைகள் அடிக்கடி மாறும். ஆகவே உதாரணத்துக்கு இரண்டு விலைகளை எடுத்துக்கொள்வோம். பழைய பெட்டி ஒன்று 40,000 ரூபா. அதைவிட நான்கைந்து வருடம் புதியது 65,000 ரூபா. முதலாவது 26 நாள் கூலி, இரண்டாவது 42 நாள் கூலி. பார்த்தவுடன் முதலாவதுதான் மலிவு.

இப்போது ஆயுளைச் சேருங்கள். முதலாவது இன்னும் இரண்டு வருடம் உருப்படியாக உதவும் என்று வைத்தால் வருடத்துக்கு 20,000 ரூபா, அதாவது 13 நாள் கூலி. இரண்டாவது ஐந்து வருடம் உதவினால் வருடத்துக்கு 13,000 ரூபா, 9 நாள் கூலிக்கும் குறைவு. கூடுதல் விலை சொன்ன பெட்டிதான் உண்மையில் மலிவானது.

தவணைக்கு வாங்குவதென்றால் இதே கணக்கை இன்னொரு முறை போடுங்கள். 40,000 ரூபாப் பெட்டிக்கு 8,000 ரூபா முற்பணம், மாதம் 3,800 ரூபா வீதம் 12 மாதம் என்றால் மொத்தம் 53,600 ரூபா. கூடுதலாகப் போகும் 13,600 ரூபா கிட்டத்தட்ட 9 நாள் கூலி. தீபாவளி முற்பணத்தையோ சீட்டுக்காசையோ எதிர்பார்க்க முடியுமானால் அதுவரை பொறுத்திருப்பது நல்லது.

ஸ்டிக்கரை விட்டு இலக்கத்தைப் பாருங்கள்

ஆயுளை எப்படி மதிப்பிடுவது? கடைகளில் முதலில் சொல்லப்படுவது ஐ3, ஐ5, ஐ7 என்ற பெயர். ஐ7 என்றால் மிகச் சிறந்தது என்ற நினைப்பு பரவலாக உண்டு. அந்தப் பெயர் மட்டும் எதையும் சொல்லாது. அதற்குப் பின்னால் வரும் இலக்கம்தான் தலைமுறையைச் சொல்லும். நான்கு இலக்கமாக இருந்தால் முதல் இலக்கம் தலைமுறை. ஐ5-4570 என்றால் 4ஆம் தலைமுறை, 2013இல் வந்தது. ஐ5-8500 என்றால் 8ஆம் தலைமுறை, 2018இல் வந்தது. ஐ5-10400 போல ஐந்து இலக்கமாக இருந்தால் முதல் இரண்டையும் பாருங்கள், அது 10ஆம் தலைமுறை.

2011இல் வந்த ஐ7-2600ஐ இன்றும் ஐ7 என்ற பெருமையோடு விற்கிறார்கள். 2017இல் வந்த ஐ3-8100 வேகத்தில் அதற்குக் குறைந்ததல்ல, மின்சாரமும் குறைவாகவே எடுக்கும்.

பெட்டியின் மாதிரிப் பெயரும் உதவும். டெல்லில் ஒப்டிபிளெக்ஸ் 3020, 9020 என்பவை 4ஆம் தலைமுறை. 3060, 5060, 7060 என்பவை 8ஆம் தலைமுறை. எச்.பி.யில் புரோடெஸ்க் 600, எலைட்டெஸ்க் 800 ஆகியவற்றின் பெயருக்குப் பின்னால் ஜி1 என்றிருந்தால் 4ஆம் தலைமுறை, ஜி4 என்றிருந்தால் 8ஆம் தலைமுறை.

'புத்தம் புதிய அசெம்பிள் கணினி' என்று குறைந்த விலைக்குச் சொல்லப்படுவதில் கூடுதல் கவனம் தேவை. கேசிங் புதிதாக இருக்கும், கலர் லைட்டும் எரியும். உள்ளே 2ஆம், 3ஆம் தலைமுறைப் பழைய சிப்பும் பெயர் தெரியாத மதர்போர்டும் இருக்கலாம். அதைவிட, கீறல் விழுந்த பழைய அலுவலகப் பெட்டி மேல். அவை வருடக்கணக்கில் நாள் முழுவதும் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டவை. உதிரிப்பாகமும் கிடைக்கும்.

விண்டோஸ் 10 முடிந்த பிறகு

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசொப்ட் பொதுவாக நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறையாகப் பதிவதற்கு, இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். இதனால் உலகெங்கும் கம்பனிகள் 6ஆம், 7ஆம் தலைமுறைப் பெட்டிகளைக் கழித்துவிடுகின்றன. அவற்றில் ஒரு பகுதி நம் கடைகளுக்கும் வருகிறது.

பழைய பெட்டியிலும் குறுக்கு வழியில் விண்டோஸ் 11ஐப் பதிந்து கொடுப்பார்கள். அது ஓடும். ஆனால் அப்படிப் பதிந்தவற்றுக்குத் தொடர்ந்து அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசொப்ட் உத்தரவாதம் தருவதில்லை. வங்கிக் கணக்கும் கடவுச்சொற்களும் புழங்கும் கணினியில் இது சிறிய விடயமல்ல.

பெட்டியின் ஆயுளைக் கூட்டும் இன்னொரு வழி லினக்ஸ். லினக்ஸ் மின்ட் இலவசம், பழைய பெட்டிகளில் நன்றாக ஓடும். அதன் 22ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. யுனிகோட் தமிழில் தட்டச்சு செய்யலாம். லிப்ரே ஒபிஸும் பைதனும் அதில் உண்டு. 40,000 ரூபாப் பெட்டியில் லினக்ஸ் போட்டு நான்கு வருடம் பாவித்தால் வருடத்துக்கு 10,000 ரூபாதான் வரும். அப்போது மேலே போட்ட கணக்கு தலைகீழாகிவிடும்.

ஆகவே வீட்டில் யாராவது லினக்ஸ் பழகத் தயார் என்றால், 6ஆம் தலைமுறைப் பெட்டியை நல்ல விலைக்குப் பேசி வாங்கலாம். பாடசாலையிலும் வகுப்பிலும் சொல்லித்தரும் அதே விண்டோஸ்தான் வேண்டும் என்றால் 8ஆம் தலைமுறைக்குக் கீழே போகவேண்டாம்.

கடையில் செலவிடவேண்டிய அரை மணித்தியாலம்

மடுல்சீமையிலிருந்து பதுளைக்கு இன்னொரு முறை பஸ் ஏறுவதென்றால் ஒரு நாள் கூலி போய்விடும். ஆகவே கடையிலேயே ஓடவிட்டுப் பாருங்கள்.

1. டாஸ்க் மெனேஜரைத் திறந்து சிப்பின் இலக்கத்தையும் ரேமின் அளவையும் பாருங்கள். ரேம் 8 ஜீ.பீ. இருக்கட்டும். 4 ஜீ.பீ.யோடு வாங்கிப் பிறகு கூட்டலாம் என்பது பழைய ஆலோசனை. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் 2025 இறுதியிலிருந்து ரேம் விலை உலகச் சந்தையில் ஏறிவிட்டது.

2. ஹார்ட் டிஸ்க் அல்ல, எஸ்.எஸ்.டி. இருக்கவேண்டும். 256 ஜீ.பீ. போதும். பழைய கணினியின் வேகத்தை இதைப்போல மாற்றும் வேறு பாகம் இல்லை. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவசச் செயலி அதன் ஆரோக்கியத்தையும் எத்தனை மணித்தியாலம் ஓடியிருக்கிறது என்பதையும் காட்டும். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை வந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

3. பிளக்கைக் கழற்றிச் சில நிமிடம் விட்டு மீண்டும் போடுங்கள். திகதியும் நேரமும் பின்னோக்கிப் போயிருந்தால் மதர்போர்டின் சிறிய வட்ட பற்றரி செத்துவிட்டது. மாற்றுவது சின்ன வேலை. கடைக்காரரே செய்து தரட்டும்.

4. மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மதர்போர்டில் உள்ள சிறிய உருளைகளின் தலை வீங்கியிருக்கக் கூடாது. திருகாணிகளில் துரு, மூலைகளில் காய்ந்த சேறு, ஊத்தை நாற்றம் இருந்தால் அது தண்ணீர் புகுந்த பெட்டியாக இருக்கலாம். என்ன விலை சொன்னாலும் வேண்டாம்.

5. மொனிட்டரின் கேபிள் பெட்டிக்குப் பொருந்துகிறதா? புதிய பெட்டிகளில் டிஸ்பிளே போர்ட் இருக்கும், பழைய மொனிட்டரில் வீ.ஜீ.ஏ. மட்டுமே இருக்கும். இடையில் ஒரு கன்வேட்டர் தேவைப்படலாம். அதையும் அதே விலைக்குள் கேளுங்கள்.

6. அலுவலகப் பெட்டிகள் பலவற்றில் வைபை கிடையாது. யூ.எஸ்.பீ. வைபை துண்டு ஒன்று வாங்கலாம். அல்லது போனை யூ.எஸ்.பீ. கேபிளால் இணைத்து டேட்டாவைப் பகிரலாம். கெமராவும் மைக்கும் இருக்காது. சூம் வகுப்புக்குப் போனே போதும்.

7. விண்டோஸ் என்றால் செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைப் பாருங்கள்.

8. மாதிரிப் பெயர், தொடர் இலக்கம், வொரண்டிக் காலம் மூன்றும் எழுதிய பற்றுச்சீட்டு வாங்குங்கள். வாய்வார்த்தை வொரண்டி எதற்கும் உதவாது. பிரச்சினை வந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். பற்றுச்சீட்டு இல்லாத முறைப்பாட்டை நிரூபிப்பது கஷ்டம்.

'செட்'டோடு பிரிண்டர் தருவதாகச் சொன்னால் அதை விட்டுவிட்டு விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். மை பிரிண்டர் எப்போதாவது பாவித்தால் காய்ந்து அடைத்துவிடும். மாதத்துக்குப் பத்துப் பக்கத்துக்குக் கொமியூனிகேஷன் கடையே மலிவு.

லயன் வீட்டின் மின்சாரமும் அடுப்புப் புகையும்

சிறிய அலுவலகப் பெட்டியும் 19 அங்குல எல்.ஈ.டி. மொனிட்டரும் சேர்ந்து சாதாரண வேலையில் 60 வொட் அளவு எடுக்கும். நாளுக்கு 4 மணித்தியாலம் என்றால் மாதத்துக்கு 7 அலகுக்குச் சற்று மேல். இது பெரிய தொகை இல்லை. ஆனால் வீட்டு மின்கட்டணம் 30, 60, 90 என்று படிப்படியாக ஏறுகிறது, 60 அலகைத் தாண்டினால் கட்டண அட்டவணையே வேறு. இப்போது 55 அலகு எரிக்கும் வீடு கணினியால் 62க்குப் போனால் அந்த 7 அலகுக்கு மட்டும் கூடுவதாக நினைக்க முடியாது. முதலில் பழைய பில்லை எடுத்துப் பாருங்கள். சும்மா கிடைக்கிறதே என்று பழைய பெரிய பெட்டி மொனிட்டரை வாங்கவேண்டாம். அது ஒன்றே 70 வொட்டுக்கு மேல் எடுக்கும்.

பக்கத்துக் காம்பிராவிலிருந்து வயர் இழுத்த வீடுகளிலும் பழைய வயரிங் உள்ள லயங்களிலும் எர்த் இல்லாமல் இருக்கலாம். கேசிங்கைத் தொடும்போது விறுவிறு என்று உணர்ந்தால் அதுதான் காரணம். எர்த் சரிசெய்யாமல் பிள்ளையை அதில் உட்காரவைக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியோடு இரண்டு முள் கேபிள் இருந்தால் மூன்று முள் கேபிளாக மாற்றுங்கள். பின்புறத்தில் 115/230 என்று சிறிய சுவிட்ச் இருந்தால் அது 230இல் இருக்கவேண்டும்.

ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழை வழக்கம். முழக்கம் கேட்டதும் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைக் கழற்றுங்கள். ரௌட்டர் இருந்தால் அதன் வயரையும் கழற்றுங்கள். மின்சாரம் அடிக்கடி போய்வரும் இடமானால் யூ.பி.எஸ். ஒன்றின் விலையையும் மொத்தக் கணக்கில் சேருங்கள். அதன் பற்றரி சில வருடங்களில் மாற்றவேண்டி வரும்.

விறகடுப்புப் புகையும் பனியீரமும்தான் லயன் வீட்டில் கணினியின் மெதுவான எதிரிகள். புகைக்கரி விசிறியில் படிந்து சூட்டை வெளியே விடாது. அடுப்பு இருக்கும் பக்கத்தில் வைக்காமல், நிலத்திலிருந்து உயர்த்தி, தகரம் ஒழுகாத மூலையில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். மழைக்காலத்தில் சில நாளுக்கொரு தடவையாவது ஓடவிடுங்கள். பின்புற ஓட்டைகள் வழியே கரப்பானும் எலிக்குஞ்சும் நுழையும், திறந்த துளைகளை அடைத்துவிடுங்கள்.

மண்சரிவு எச்சரிக்கை உள்ள இடத்தில்

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் லயங்களே மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மழையில் பதுளை மாவட்டம் மீண்டும் மண்சரிவுகளையும் மரணங்களையும் கண்டது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை வந்தால் உடனே வெளியேற வேண்டிய இடத்தில் வாழ்பவர்களுக்கு மேசைக் கணினி சரிவராது. அதைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது, அதற்காகப் பின்தங்கவும் கூடாது. அங்கே பாவித்த மடிக்கணினியே பொருத்தம். அதற்கும் மேலே சொன்ன தலைமுறைக் கணக்குத்தான். கூடுதலாகப் பற்றரி எவ்வளவு நேரம் நிற்கிறது, மூடியின் கீல் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பாவிலிருந்து சொந்தக்காரர் அனுப்புவதென்றால் கீபோர்டின் எழுத்து வரிசையைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஜெர்மன், பிரெஞ்சு கீபோர்டுகளில் சில எழுத்துகள் இடம் மாறியிருக்கும்.

இடம்பெயர்ந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆவணத்தின் அருமை தெரியும். ஒரு பிறப்புச் சான்றிதழுக்காகவும் ஒரு காணி உறுதிக்காகவும் கச்சேரி கச்சேரியாக அலைந்தவர்கள் நம் வாசகர்களில் நிறையப் பேர். கணினி வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள், அடையாள அட்டை, சேமலாப நிதிப் பத்திரம், பரீட்சைப் பெறுபேறு எல்லாவற்றையும் போனால் படமெடுத்து, பெயரிட்டுச் சேமியுங்கள். ஒரு பிரதி பென் டிரைவில் தூரத்து உறவினர் வீட்டில் இருக்கட்டும், இன்னொன்று கூகுள் டிரைவில் இருக்கட்டும். பிரதி மூலத்துக்கு ஈடாகாது. ஆனால் பதிவு இலக்கமும் திகதியும் கையில் இருந்தால் மறுபிரதி எடுப்பது பாதி சுலபம்.

எப்போது வாங்காமல் விடுவது?

எர்த் இல்லாத வீட்டில், அது சரியாகும்வரை வாங்கவேண்டாம். அதிக வட்டிக் கடன் எடுத்து வாங்கவேண்டாம். பிள்ளைக்கு இப்போது தேவை வீடியோ பாடம் பார்ப்பது மட்டும் என்றால் போனுக்கு டேட்டா போடுவதே போதும். பரீட்சைக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது என்றால் பாடசாலைக் கணினி அறையில் பின்னேர நேரம் கேட்டுப் பாருங்கள். 2005 அளவில் அரசாங்கம் தொடங்கிய அறிவகங்கள் எல்லாம் இன்று இயங்குவதில்லை, ஆனாலும் பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரிக்கலாம். மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு நல்ல 8ஆம் தலைமுறைப் பெட்டியை வாங்கி, கோயில் மண்டபத்திலோ வாசிகசாலையிலோ வைத்து நேர அட்டவணை போட்டுப் பாவிப்பது, ஒவ்வொருவரும் தனித்தனியாக மோசமான பெட்டி வாங்குவதைவிட மேல்.

மற்றபடி, 8 ஜீ.பீ. ரேமும் எஸ்.எஸ்.டி.யும் உள்ள 8ஆம் தலைமுறை அலுவலகப் பெட்டி, அல்லது லினக்ஸோடு 6ஆம் தலைமுறை, இரண்டில் ஒன்று தோட்டப் பிள்ளையின் படிப்புக்குப் பல வருடம் போதும். கடைக்காரர் விலையைச் சொன்னதும் மனதுக்குள் நாட்கூலியால் வகுத்து, பிறகு எஞ்சிய வருடங்களால் இன்னொரு முறை வகுத்துப் பாருங்கள். வரும் விடை சரியாகப் பட்டால் காசைக் கொடுத்து, பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டு, பெட்டியைப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோங்கள். கூரையில் போடவேண்டாம்.